வெல்டிங் கடையில் அடித்த மேசை வாளுக்கு ஸ்லெட் ஓடத் தவாளிப்பு வைப்பது எப்படி?

பரந்தன் பொடியன்

வணக்கம். என்னிடம் இருப்பது கம்பனி வாள் இல்லை, கிளிநொச்சியில் ஒரு வெல்டிங் கடையில் சொல்லிச் செய்வித்தது. ஆங்கிள் அயன் சட்டம், மேலே 6 மி.மீ. இரும்புத் தகடு, கீழே இரண்டு பெயாரிங்கில் ஓடும் தண்டு, 2 குதிரைவலு சிங்கிள் ஃபேஸ் மோட்டர், பெல்ட், 12 அங்குல பிளேட். நீளவாக்கில் கிழிக்க ஒரு குறையும் இல்லை, இறுகிய முதிரை மரத்தைக்கூடச் சத்தம் மாறாமல் கிழிக்கும். குறுக்கே வெட்டத்தான் வழியில்லை. தகட்டில் மைட்டர் ஸ்லொட், அதாவது பிளேட்டுக்குச் சமாந்தரமான தவாளிப்புப் பள்ளம், கிடையாது, அதனால் மரத்தை வைத்துப் பிளேட்டை நோக்கித் தள்ளும் ஸ்லெட் பலகையும் ஓடாது, கோணக் கேஜும் ஓடாது.

இப்போது மேசை கதிரை ஓடர் ஒன்று வந்திருக்கிறது. 2×2 அங்குலக் கால்கள் எல்லாம் ஒரே நீளத்தில், ஒரே மூலைமட்டத்தில் (சரியாக 90 பாகையில்) வேண்டும். கைவாளால் ஒவ்வொன்றாக வெட்டி உளியால் திருத்திக்கொண்டிருந்தால் ஓடரில் மிஞ்சுவது ஒன்றும் இல்லை.

வெல்டிங் கடைக்கார அண்ணை, தகட்டைக் கிரைண்டரால் வெட்டிக் கீழே சனல் வைத்து ஒட்டித் தருகிறேன் என்கிறார். செய்யலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓமந்தை ஓடாவி

தம்பி, கிரைண்டரைத் தகட்டில் வைக்கவிடாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு கதைப்போம்.

மல்லாவி லேத்

ஐயா சொன்னதற்குக் காரணத்தை நான் சொல்கிறேன், என்னுடைய தொழிலே இரும்புதான். 6 மி.மீ. தகடு உருளையில் உருட்டி வருவது, அதற்குள் இழுவிசை அடங்கி இருக்கும். நடுவில் நீளமாக ஒரு கீற்று வெட்டி எடுத்தவுடன் அந்த இழுவிசை வெளிவந்து, தகடு தன் பாட்டுக்கு வளையும். அதோடு முடியாது. கீழே சனல் வைத்து வெல்ட் பண்ணினால் வெல்ட் ஆறும்போது சுருங்கி, தகட்டைத் தன் பக்கம் இழுக்கும். இங்கொன்று அங்கொன்றாகப் புள்ளி வெல்ட் வைத்தாலும் இழுக்கத்தான் செய்யும், கொஞ்சம் குறைவாக இழுக்கும், அவ்வளவுதான். கிழிக்கும் வேலைக்கு இப்போது இருக்கிற மட்டத்தையும் இழந்துவிடுவீர்கள்.

மில்லிங் மெஷினில் பிடிக்கலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். உங்கள் தகடு எவ்வளவு நீளம்? சாதாரணப் பட்டறை மெஷினின் மேசை அந்த நீளம் முழுக்க ஓடாது. பாதி வெட்டி, திருப்பிப் பிடித்து மற்றப் பாதி வெட்ட வேண்டும், இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு படி விழும். பெரிய மெஷின் தேடிக் கொழும்புக்கு ஏற்றினால் அந்தச் செலவுக்கு ஒரு சின்ன வாளே வாங்கலாம்.

ஸ்காபரோ மரப்பித்தன்

இங்கே கனடாவில் பெரிய வாள்கள் எல்லாவற்றிலும் 3/4 அங்குல அகலம், 3/8 அங்குல ஆழம்தான் வழமை. கடையில் விற்கும் கேஜ், ஸ்லெட் ஓட்டும் பட்டை எல்லாம் இந்த அளவை வைத்துத்தான் வருகின்றன. சிலவற்றில் ஸ்லொட்டின் அடிப்பகுதி மட்டும் சற்று அகலமாக, தலைகீழான டி எழுத்து மாதிரி இருக்கும், கேஜ் மேலே எழும்பாமல் பிடித்துக்கொள்வதற்கு. சின்னக் கையடக்க வாள்களை நம்பக் கூடாது, அதில் ஒவ்வொருவரும் ஒவ்வோர் அளவு வைத்திருக்கிறார்கள்.

அலுமினியத்தில் செய்த மைட்டர் ட்ராக் தனியாகவே விற்கிறார்கள். பிளைவூட் மேசையில் பள்ளம் வெட்டி இறக்கி ஸ்குரு அடித்தால் வேலை முடிந்தது. அதைப் பார்க்கலாமே?

பரந்தன் பொடியன்

அண்ணை, ட்ராக் நல்லதுதான், ஆனால் என் மேசை இரும்பு. அத்தோடு அந்த ட்ராக் இங்கே வந்து சேர்வதற்குள் ஓடர் தந்தவர் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்.

ஓமந்தை ஓடாவி

சரி, இப்போது சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

உங்களுக்குத் தவாளிப்பு வேண்டும் என்றால் தகட்டைக் குடைய வேண்டும் என்று யார் சொன்னது? தகட்டுக்கு மேலே பலகை பரப்பி, இரண்டு பலகைக்கு நடுவில் இடைவெளி விட்டால் அந்த இடைவெளிதான் தவாளிப்பு. அடித்தளம் உங்கள் இரும்புத் தகடு. ரூட்டரும் வேண்டாம், வெல்டும் வேண்டாம்.

கொங்கிறீற் போட ஷட்டரிங் அடிக்கிறார்களே, மண்ணிறப் பளபளப்புத் தாள் ஒட்டிய பிளைவூட், அதில் 12 மி.மீ. எடுங்கள். மேற்பரப்பு வழுக்கும், ஈரமும் கெதியில் இழுக்காது. பாவித்த பலகை வேண்டாம், ஆணித் துளையும் சீமெந்தும் இருக்கும். அதை மூன்று துண்டாக்குங்கள். நடுத்துண்டு, இடத்துண்டு, வலத்துண்டு. நடுத்துண்டு ஓர் அடி அகலம் போதும், பிளேட் அதன் ஊடாக மேலே வரும். நடுத்துண்டின் இரண்டு பக்கத்தையும் உங்கள் வாளிலேயே ஃபென்ஸ், அதாவது மரம் உரசி ஓடும் வழிகாட்டிச் சட்டம், வைத்துக் கிழியுங்கள், அப்போது இரண்டு ஓரமும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகத் தானாகவே வந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் சரிபார்க்க வேண்டியது ஓர் ஓரத்தை மட்டும்தான், மற்றது அதன் பின்னால் வரும்.

நடுத்துண்டைப் பிளேட்டுக்குச் சமாந்தரமாக வைத்து முடுக்குங்கள். பிறகு 6 நூல் அகல அலுமினியச் சட்டத்தை, அதுதான் 3/4 அங்குலம், நடுத்துண்டின் ஓரத்தோடு ஒட்டி வைத்து, அதற்கும் அடுத்த துண்டுக்கும் நடுவில் ஒரு கடதாசித் தாள் செருகி, அடுத்த துண்டை நெருக்கித் தள்ளி கிளாம்ப் போட்டு முடுக்குங்கள். தாளை இழுத்தால் சட்டம் ஆடாமல், இறுகாமல் ஓடும். மற்றப் பக்கமும் அப்படியே. அளவுகோலால் அளந்து வைப்பவன் இந்த அளவுக்குத் துல்லியமாக வைக்க முடியாது.

மல்லாவி லேத்

அருமை ஐயா. ஒன்று சேர்க்கிறேன். போல்ட் போடும்போது நடுத்துண்டின் துளைகளைக் கொஞ்சம் பெரிதாக விடுங்கள், பிறகு தட்டி நகர்த்த இடம் வேண்டும். குடைத் தலை ஸ்குரு போட்டால் அது தன் கூம்புக்குள் போய் உட்கார்ந்துவிடும், நகர்த்த விடாது. அதனால் 12 மி.மீ. பலகையில் 6 மி.மீ. ஆழத்துக்குத் தட்டைக் குழி எடுத்து, வொஷர் வைத்து, எம்6 போல்ட் போடுங்கள். தலை 4 மி.மீ., வொஷர் ஒன்றரை மி.மீ. சொச்சம், இரண்டும் குழிக்குள் அடங்கிவிடும். தகட்டில் 5 மி.மீ. துளை போட்டு எம்6 மரை வெட்டலாம். மரை வெட்டும் டாப் இல்லையென்றால் பெரிய துளை போட்டுக் கீழிருந்து நட் பிடியுங்கள்.

பரந்தன் பொடியன்

இது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு சந்தேகம். 12 அங்குல பிளேட் என்றாலும் கீழே பெயாரிங், தண்டு, வொஷர் எல்லாம் போக, தகட்டுக்கு மேலே நாலு அங்குலத்துக்குக் கிட்டத்தான் வரும். பலகைக்கு 12 மி.மீ. போகிறது. ஸ்லெட்டின் அடிப்பலகைக்கு இன்னொரு 12. மிச்சம் 75 மி.மீ. சொச்சம். 4×3 கதவு நிலைக் கட்டையை ஸ்லெட்டில் வைத்தால் மேலே ஒரு தோல் விட்டுத்தான் வெட்டும் போல இருக்கிறதே.

ஓமந்தை ஓடாவி

சரியாகக் கணக்குப் பார்த்திருக்கிறீர்கள். நிலைக் கட்டையை ஏன் ஸ்லெட்டில் வைக்கிறீர்கள்? அதன் பாரத்துக்கு ஸ்லெட் நேராகப் போகாது, நீங்கள்தான் அதன் பின்னால் போவீர்கள். அதை மூலைமட்டம் பிடித்துக் கையடக்க வட்டவாளால் வெட்டுங்கள். ஸ்லெட் 2×2 கால், சட்டம், குறுக்குப் பட்டை மாதிரி வேலைக்கு. அதுக்கு ஆழம் தாராளம். பெரிய கட்டையைக் கிழிக்க முழு உயரம் வேண்டுமென்றால் நடுத்துண்டையும் பக்கத்துண்டுகளையும் கழற்றலாம். ஆனால் கழற்றிப் பூட்டினால் திரும்பவும் பிளேட்டுக்குச் சரிபார்க்க வேண்டும், அது தொல்லை.

துணுக்காய் கைவேலை

கழற்றாமல் இன்னொரு வழியும் இருக்கிறது. தவாளிப்பே வைக்காமல் மேசையின் ஓரத்தைப் பிடித்து ஓடும் ஸ்லெட். மேசையின் இடப்பக்க ஓரத்துக்கு ஒரு நேரான அலுமினியப் பெட்டிச் சட்டத்தை நீள்துளைகளில் போல்ட் போட்டுப் பூட்டுங்கள், நீள்துளை இருந்தால் பிளேட்டுக்குச் சமாந்தரமாக நகர்த்தலாம். ஸ்லெட்டின் அடியில் ஒரு கட்டை அந்தச் சட்டத்தோடு உரசி ஓடும். வலப்பக்க ஓரத்தில் பிடிப்பு வேண்டாம், அது சும்மா தாங்கினால் போதும். இரண்டு பக்கமும் பிடித்தால் மேசை அகலத்தில் ஒரு மயிரளவு வித்தியாசம் இருந்தாலும் ஸ்லெட் நடுவில் சிக்கும். இதில் மேசை உயரம் கூடாது, வெட்டும் ஆழம் 12 மி.மீ. மிச்சம்.

ஓமந்தை ஓடாவி

நல்ல யோசனைதான், ஆனால் கையைத் தளர்த்தினால் சட்டத்தை விட்டு விலகும். எப்போதும் ஒரு பக்கம் அழுத்திக்கொண்டே தள்ள வேண்டும். காலையில் வடிவாகத் தள்ளுபவன் மாலையில் களைத்துப்போய்த் தள்ளுவான், கால்கள் எல்லாம் ஒரே மூலைமட்டத்தில் வராது. எனக்கு இடைவெளிதான் விருப்பம்.

துணுக்காய் கைவேலை

ஐயா, மேசைக்கு அடியால் ஒரு உதடு வைத்துப் பிடிக்கலாம், அப்போது விலகாது. ஆனால் அதைச் செய்யும் நேரத்தில் உங்கள் மூன்று துண்டும் பூட்டி முடிந்துவிடும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். பெரிய கட்டை வெட்டுபவர்களுக்கு மட்டும் என்னுடையது.

அறிவியல் நகர் மாணவன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், பொறியியல் பீடத்தில் படிக்கிறேன், மரவேலை பொழுதுபோக்குத்தான். ஸ்லொட் பிளேட்டுக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். கொஞ்சம் பிசகினால் என்ன ஆகும்? ஸ்லெட் நேராகத்தானே போகிறது?

ஓமந்தை ஓடாவி

நல்ல கேள்வி. ஸ்லெட் பிளேட்டின் திசையில் வெட்டுவதில்லை, தவாளிப்பின் திசையில்தான் வெட்டும். அதனால்தான் ஸ்லெட்டின் ஃபென்ஸை, அதாவது அதில் மரம் சாய்ந்து நிற்கும் குறுக்குக் கட்டையை, மூலைமட்டம் பார்ப்பது பிளேட்டுக்கு இல்லை, ஸ்லெட் ஓடும் திசைக்கு. பிசகு இருந்தால் மரம் முதலில் முன்பல்லில் வெட்டுப்பட்டு, தள்ளிக்கொண்டு போகும்போது பின்பல்லில் இன்னொரு தரம் சுரண்டுப்படும். வெட்டின் அகலம் கூடும், முகம் சொரசொரப்பாகும், பாலை மாதிரி இறுகிய மரம் என்றால் கருகும். பின்பல் மேலே எழும்பும் பல், அது மரத்தைத் தூக்கவும் பார்க்கும். முன்பல்லுக்கும் பின்பல்லுக்கும் அரை மி.மீ. வித்தியாசம் இருந்தால் அதுவே கூட. 0.1 மி.மீ.க்குள் கொண்டுவந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம்.

கிழிக்கும்போது இது இன்னும் ஆபத்து. பிளேட்டின் பின்பக்கம் ஃபென்ஸை நெருங்கி இருந்தால் பலகை இரண்டுக்கும் நடுவில் நெரிபட்டு உங்கள் வயிற்றை நோக்கி வரும்.

பரந்தன் பொடியன்

0.1 ஐ நான் எதால் அளப்பது? என்னிடம் டயல் கேஜ் இல்லை.

மாங்குளம் மெக்கானிக்

இதற்கு என்னிடம் வாருங்கள். ஃபீலர் கேஜ், வால்வு இடைவெளி பார்க்கும் தகட்டுக் கட்டு. எந்த மோட்டார் சைக்கிள் கராஜிலும், ட்ரக்டர் கராஜிலும் இருக்கும். 0.05இல் இருந்து தொடங்கும்.

பிளேட்டை முழுக்க மேலே எடுங்கள். கரண்டைக் கழற்றுங்கள், சுவிட்சை நிறுத்தினால் போதாது, பிளக்கையே இழுங்கள். முன்பக்கம் மேசை மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும் ஒரு பல்லுக்கு மார்க்கர் போடுங்கள். ஸ்லொட்டில் ஓடும் சட்டத்தில் ஒரு கட்டையைக் குறுக்கே ஆணியடித்து, அதன் முனையில் ஒரு ஸ்குருவைப் பிளேட் பக்கம் நீட்டி வையுங்கள். ஸ்குருத் தலை மார்க்கர் பல்லைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். இப்போது அதே பல்லைக் கையால் சுற்றிப் பின்பக்கம் கொண்டுபோங்கள், சட்டத்தையும் பின்னால் தள்ளுங்கள். இடைவெளி வந்தால் ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள், முட்டினால் பிசகு மறுபக்கம். அதே பல்லில்தான் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும், வேறு பல்லில் பார்த்தால் பிளேட்டின் நெளிவும் கணக்கில் சேர்ந்துவிடும்.

மல்லாவி லேத்

வித்தியாசம் வந்தால் நடுத்துண்டைத் தட்ட முதலில் யோசியுங்கள். உங்கள் வாளில் தண்டு இரண்டு பெயாரிங் பெட்டியில் நிற்கிறது, ஒவ்வொன்றிலும் இரண்டு போல்ட். பிளேட் தகட்டின் ஓரத்துக்கே கோணலாக நிற்கிறதென்றால் பெயாரிங் பெட்டியை இளக்கி அதைத் திருத்துங்கள், பெல்ட்டும் நேராகும். பிறகு பலகை. இரண்டையும் ஒரே நேரத்தில் இளக்கினால் எது எங்கே போனதென்று தெரியாது.

ஸ்காபரோ மரப்பித்தன்

இங்கேயும் அதேதான். பெரிய கபினெட் வாளில் மேசையின் போல்ட்டை இளக்கி மேசையையே திருப்புவோம், மற்ற வகையில் கீழே பிளேட் தொங்கும் பகுதியைத் திருப்புவோம். ஸ்லொட் வார்ப்பு மேசையிலேயே வெட்டி வருவதால் அதை நகர்த்த முடியாது. உங்களுக்கு ஸ்லொட்டே நகருகிறது, ஒருவகையில் அதிர்ஷ்டம்.

முள்ளியவளை பனையோலை

நான் சின்ன மரப் பொம்மை, தட்டு, பெட்டி செய்கிறேன். என்னுடையது இன்னும் எளிமை, 18 மி.மீ. பிளைவூட் மேசைக்கு அடியில் 7¼ அங்குலக் கையடக்க வாளைக் கவிழ்த்துப் பூட்டியிருக்கிறேன். கையில் பிடித்தால் 65 மி.மீ. வெட்டும் வாள், பிளைவூட்டின் தடிப்புப் போக 47 மி.மீ.தான். எனக்கு அது போதும்.

என் மேசையில் ஸ்லொட்டை ரூட்டரால்தான் எடுத்தேன். நேரான சட்டம் ஒன்றைக் கிளாம்ப் போட்டு அதில் உரசிக்கொண்டு ஓட்ட வேண்டும். ரூட்டரை உங்களிடம் இருந்து அப்பால் தள்ளும்போது சட்டம் இடப்பக்கம் இருக்கட்டும், பிட் சுழலும் விசை ரூட்டரைச் சட்டத்தோடு அழுத்தும். வலப்பக்கம் வைத்தால் அது சட்டத்தை விட்டு ஓடும். ஒரேயடியாக ஆழம் எடுக்காமல் 3 மி.மீ. 3 மி.மீ.யாக இறங்குங்கள். 19 மி.மீ. பிட் கிடைக்கவில்லை என்றால் 12 மி.மீ. பிட்டால் இரண்டு தரம் ஓட்டலாம், சட்டத்தை நகர்த்தி. பிளைவூட் மேசை வைத்திருப்பவர்களுக்காக எழுதினேன்.

பரந்தன் தம்பிக்கு ஒன்று. ஸ்லெட்டின் அடியில் ஓடும் பட்டைக்கு நான் மரம் போடுவதில்லை. சமையலறையில் வெட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை இருக்கிறதே, அதைக் கீறிப் போடுகிறேன். வழுக்கும், தேயாது, மாரியிலும் வீங்காது. தளர்ந்துபோனால் பட்டையின் நடுவில் ஒரு ஸ்குருவை இன்னும் கொஞ்சம் முடுக்கினால் பக்கவாட்டில் உப்பி இறுகிவிடும்.

ஓமந்தை ஓடாவி

பிளாஸ்டிக் நல்லதுதான் பிள்ளை. ஆனால் மரத்தைக் கைவிட எனக்கு மனமில்லை. பாலையோ முதிரையோ, நன்றாகக் காய்ந்த துண்டு. மரக்காலையில் கழிவுத் துண்டாகவே கிடைக்கும். வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஆண்டு வளையம். அகலவாக்கு, அதாவது அந்த 6 நூல், வளையத்துக்குக் குறுக்கே வரவேண்டும். மரம் வளையத்தின் போக்கில் வீங்குவது குறுக்கே வீங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. சோளகக் காற்று அடிக்கும் வறண்ட காலத்தில் கச்சிதமாகப் பொருத்திய பட்டை, ஐப்பசி மழை பிடித்தவுடன் ஸ்லொட்டுக்குள் இறுகி நிற்கும். பிழையான பக்கம் அறுத்த பட்டை என்றால் 19 மி.மீ.யில் கால் மி.மீ. வரை கூடும், அந்தக் கால் மி.மீ. போதும் ஸ்லெட்டை நிறுத்த. அதனால் மரப்பட்டை போடுபவர்கள் மாரியில் பொருத்துங்கள். கோடையில் கொஞ்சம் ஆடும், அதைச் சமாளிக்கலாம். ஒரு பக்கம் அழுத்தித் தள்ளினால் சரி.

எண்ணெய் பூசாதீர்கள். மெழுகுதிரியைத் தேய்த்துத் துணியால் துடையுங்கள்.

மாங்குளம் மெக்கானிக்

மரம் என்று வந்ததால் ஒன்று. வன்னி மரத்தில் வளையத்தை மட்டும் பார்த்தால் போதாது. போர் முடிந்த 2009க்கு முந்திய மரம் என்றால் துப்பாக்கிச் சன்னமும் ஷெல் துண்டும் உள்ளே இருக்கலாம், மேல்பட்டை மூடி வளர்ந்திருக்கும், வெளியே தெரியாது. வேம்பு, பாலை மாதிரி மரங்களில். கார்பைட் பல் ஒன்று பறந்தால் மற்றப் பற்கள் நிறை சரியில்லாமல் ஓடும், நீங்கள் 0.1க்கு வைத்த கணக்கெல்லாம் வீண். ஒலிபெருக்கியில் இருந்து எடுத்த காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டுக் கட்டையின் மேலே கொண்டுபோங்கள், இரும்பு மேலோட்டமாக இருந்தால் காட்டும். ஈயமும் பித்தளையும் காந்தத்துக்கு அகப்படாது. மரத்தில் கறுப்பும் நீலமுமாகக் கறை ஓடியிருந்தால் அங்கே இரும்பு இருக்கிறதென்று எடுங்கள்.

பரந்தன் பொடியன்

எங்கள் மரக்காலைக்காரர் அப்படிக் கறை உள்ள கட்டையை முதலிலேயே ஒதுக்கிவிடுவார், அவருடைய பெரிய வாள் பட்டி போய்விடும் என்ற பயம். நன்றி அண்ணை.

சரி, ஷட்டரிங் பலகை எடுத்துவிட்டேன். இந்தக் கிழமை பூட்டுகிறேன். ஸ்லெட் ஃபென்ஸ் மூலைமட்டம் பார்ப்பது எப்படி? என் மூலைமட்டத்தையே நான் நம்புவதில்லை.

அறிவியல் நகர் மாணவன்

இதற்கு நான் உதவலாம். ஐந்து வெட்டு முறை. மூலைமட்டமே தேவையில்லை.

400 மி.மீ. சதுரத்துக்குக் கிட்ட ஒரு பிளைவூட் துண்டை ஃபென்ஸில் வைத்து ஒரு ஓரத்தை வெட்டுங்கள். இப்போது வெட்டிய ஓரம் ஃபென்ஸில் படும்படி துண்டைத் திருப்பி அடுத்த ஓரத்தை வெட்டுங்கள். இப்படியே நாலு ஓரமும். ஐந்தாவது தரம், முதலில் வெட்டிய ஓரத்தில் இருந்து ஓர் அங்குல அகலத்துக்கு ஒரு பட்டையை வெட்டி எடுங்கள். அந்தப் பட்டையின் இரண்டு முனையின் அகலத்தையும் வேர்னியரால் அளந்தால், வரும் வித்தியாசம் உங்கள் பிசகின் நாலு மடங்கு. ஒவ்வொரு திருப்பலிலும் பிசகு சேர்ந்துகொண்டே வருவதால் சாதாரண வேர்னியரிலேயே தெரியும்.

உதாரணமாக ஒரு முனை 28.0, மறுமுனை 27.2 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.8, நாலால் பிரித்தால் 0.2. அதாவது 400 மி.மீ. நீளத்தில் 0.2 பிசகு. உங்கள் ஃபென்ஸில் ஒரு பக்கம் ஒரு ஸ்குருவில் சுழலும், மறுபக்கம் 600 மி.மீ. தள்ளி முடுக்குகிறீர்கள் என்றால், அங்கே 0.3 மி.மீ. நகர்த்த வேண்டும். மெக்கானிக் அண்ணையின் 0.3 ஃபீலர் தகட்டை ஒரு கட்டைக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் வைத்து அந்த அளவு நகர்த்துங்கள். எந்தப் பக்கம் என்று குழம்பினால் ஒரு பக்கம் நகர்த்தி மறுபடி வெட்டிப் பாருங்கள், வித்தியாசம் கூடினால் மற்றப் பக்கம்.

ஓமந்தை ஓடாவி

ஃபென்ஸ் கட்டையே நேராக இல்லாவிட்டால் இந்தக் கணக்கு பொய் சொல்லும். முதலில் அதைச் சீவுங்கள்.

முள்ளியவளை பனையோலை

பாதுகாப்பைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். ஸ்லெட்டின் பின்பக்கம், பிளேட் வெளியே வரும் இடத்தில் தடித்த கட்டை ஒன்றை ஒட்டுங்கள். உங்கள் பெருவிரல் இயல்பாகவே அந்த இடத்தில்தான் நிற்கும், வெட்டி முடியும்போது பிளேட் அதன் ஊடாகத்தான் எட்டிப் பார்க்கும். ஸ்லெட் அதற்கு அப்பால் போகாமல் மேசைக்கு அடியில் ஒரு தடுப்பும் வையுங்கள். சின்னத் துண்டை விரலால் பிடிக்காதீர்கள், ஒரு நீளக் குச்சியின் முனையில் அழிறப்பர் துண்டு ஒட்டி அதால் அழுத்துங்கள்.

கால்களை ஒரே நீளத்தில் வெட்ட நிறுத்துக்கட்டையை ஸ்லெட்டின் ஃபென்ஸில் கிளாம்ப் போடுங்கள். வாளின் ஃபென்ஸை நிறுத்துக்கட்டையாகப் பாவிக்க வேண்டாம், வெட்டுப்பட்ட துண்டு பிளேட்டுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் அகப்பட்டால் எறிந்துவிடும்.

மாங்குளம் மெக்கானிக்

அக்கா சொன்னதோடு சுவிட்சையும் பாருங்கள். வீட்டுச் சுவர்ச் சுவிட்சைப் போட்டு ஓட்டுகிறவர்கள் இங்கே நிறைய. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் வாள் தானாகவே ஓடத் தொடங்கும். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில், எப்போது வரும் என்று தெரியாமல் மேசையைத் துடைத்துக்கொண்டு நின்றவர்களை எனக்குத் தெரியும். காந்தச் சுவிட்ச், கரண்ட் போனால் தானாக விழுந்துவிடும், நீங்கள் திரும்பப் பச்சையை அமுக்கும்வரை ஓடாது. மோட்டரின் வலுவைச் சொல்லிக் கேட்டால் மின்சாரச் சாமான் கடையில் தருவார்கள்.

பரந்தன் பொடியன்

பூட்டிவிட்டேன். எழுத நேரம் கிடைக்கவில்லை, கால்கள் வெட்டுவதில் நின்றுவிட்டேன்.

நடுத்துண்டு ஐயா சொன்னபடியே. ஃபீலர் கேஜில் முன்பக்கமும் பின்பக்கமும் 0.1 தகடு போகவில்லை, 0.05 போகிறது. பெயாரிங் பெட்டியை ஒரு பக்கம் இளக்கித் தட்ட வேண்டியிருந்தது, அதற்குப் பிறகு பெல்ட்டின் சத்தமும் குறைந்துவிட்டது. ஐந்து வெட்டில் கடைசியாக முனைக்கு முனை 0.1 தான் வித்தியாசம், அதை நாலால் பிரித்தால் கதிரைக்கு அது போதும் என்று விட்டுவிட்டேன்.

யாரும் சொல்லாத ஒன்று: மேசை 12 மி.மீ. உயர்ந்ததால் என் பழைய ஃபென்ஸ் பலகையில் முட்டியது. அது முன்னும் பின்னும் தகட்டைப் பிடிக்கும் ஆங்கிள் அயன். பிடிக்கும் இடங்களில் 12 மி.மீ. பட்டை வைத்து உயர்த்தினேன், இனிமேல் செய்பவர்கள் இதையும் சேர்த்துப் பலகை வாங்குங்கள். மரத்தூள்தான் தொல்லை. ஸ்லொட்டின் மூலையில் அடைகிறது, ஸ்லெட் கடைசியில் தூக்குகிறது.

மல்லாவி லேத்

பட்டையின் உயரத்தை 10 மி.மீ.க்குக் குறையுங்கள், கீழே 2 மி.மீ. இடம் இருந்தால் தூள் கிடந்தாலும் தூக்காது. கீழ் விளிம்பு இரண்டையும் சீவுளியால் ஒரு தரம் சரித்துவிடுங்கள். ஸ்லொட்டின் பின்முனையைத் திறந்தே விடுங்கள், தள்ளும்போது தூள் வெளியே விழும்.

பரந்தன் பொடியன்

பின்முனையை மூடித்தான் வைத்திருக்கிறேன், இன்றைக்கே வெட்டிவிடுகிறேன். இடப்பக்க ஸ்லொட்டில் பிளாஸ்டிக் பட்டை, வலப்பக்கம் பாலை. மாரி வரும்போது எது இறுகுகிறது என்று எழுதுகிறேன்.

முள்ளியவளை பனையோலை

பாலை இறுகும். 😄

ஓமந்தை ஓடாவி

வளையத்தை எந்தப் பக்கம் வைத்து அறுத்தீர்கள் என்று சொல்லுங்கள், பிறகு பார்ப்போம்.